தைல இலைத் தண்ணீர்

நான் வேலை பார்க்கும் கம்பெனியில் என்ன செய்கிறார்கள் என்று யாராவது கேட்டால் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. ஏதோ இரும்புச் சாமான் செய்து, பெட்டியில் அடைத்து, லாரியில் ஏற்றி அனுப்புகிறார்கள். ஷெட்டுக்குள் நான் போனதே இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் வெளியே உள்ளதுதான். ஆபீஸ் வாசலில் புல்தரை, அதைச் சுற்றி நந்தியாவட்டை வேலி, வண்டிகள் நிற்கும் பேவர் கல் தளம், சைக்கிள் ஸ்டாண்டு, கேன்டீன், காம்பவுண்டு சுவரை ஒட்டி வரிசையாகத் தைல மரங்கள். இங்கே முளைக்கக் கூடாதது எது முளைத்தாலும் பிடுங்கிப் போடுவது என் வேலை.

நாங்கள் நான்கு பெண்கள். காண்டிராக்ட் ஆட்கள். கல் இடுக்கில் வளரும் புல்லைக் கையால் இழுத்தால் மேலே உள்ளது மட்டும் அறுந்து வரும். வேர் உள்ளேயே தங்கி, அடுத்த மழைக்கு இரண்டாகக் கிளம்பும். அதனால் மெயின்டனன்ஸ்காரர்கள் கழித்துப் போட்ட பழைய ஸ்க்ரூ டிரைவர்களை வைத்து நெம்பி எடுப்போம். குந்தியபடியே நகர வேண்டும். சாயங்காலம் எழுந்து நின்றால் முழங்கால் உடனே நிமிராது. இருந்தாலும் இந்த வேலை எனக்குப் பிடிக்கும்.

இதற்கு முன்பு கவரைப்பேட்டைப் பக்கம் வேறு ஒரு கம்பெனியில் பேக்கிங் லைனில் நின்றேன். யாராவது என் முகத்தைப் பார்த்துப் பேசினாலே எனக்குக் கை தடுமாறும். முன்னால் இருக்கிறவள் தப்பாக அனுப்பியதற்கு என்னைக் கேட்பார்கள். "நான் இல்லை" என்ற இரண்டு சொல் வாயில் வராது. திட்டு வாங்கிக்கொண்டு நிற்பேன். பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான். பதில் தெரிந்தும் எழுந்து நிற்காமல் பத்தாவதோடு முடித்துக்கொண்டேன். புல் பிடுங்கும் வேலையில் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. செய்த வேலை தரையில் தெரியும். அது போதும்.

எங்களில் மூத்தவளை எல்லோரும் அக்கா என்போம். அவளுக்கு வாய் மூடாது. வீட்டில் ஆடு வளர்க்கிறாள். நாங்கள் பிடுங்குவதில் ஆடு தின்பதையெல்லாம் சாக்கில் திணித்துத் தலையில் வைத்துக்கொண்டு போவாள். நாங்கள் நால்வருமே நெல் வயலில் களை எடுத்துப் பழகியவர்கள். வயலுக்குக் கூப்பிட ஆள் குறைந்து போய், கம்பெனி வேன் ஊருக்குள் வரத் தொடங்கிய பிறகு இங்கே வந்தோம். அக்கா சொல்வாள், "அங்க சேத்துல புடுங்கினோம், இங்க சிமென்ட்ல புடுங்கறோம். அவ்ளோதான் ப்ரமோசன்."

அந்த வருடம் ஐப்பசி மழை விடாமல் பெய்தது. மழை நின்றதும் புல் கிளம்பியது. ஒரு பக்கம் முடித்துவிட்டு அடுத்த பக்கம் போவதற்குள் முதலில் முடித்த இடம் பச்சையாகிவிடும். ஆபீசிலிருந்து பார்க்கிறவர்களுக்கு நாங்கள் வேலையே செய்யாதது போலத் தெரிந்திருக்கும். ஒரு நாள் டீ குடித்துக்கொண்டிருந்தபோது எங்கள் சூப்பர்வைசர் வந்தார். காண்டிராக்டரின் ஆள். அக்காவைவிட வயதில் ரொம்பச் சின்னவர்.

"எம்மா, பொங்கல் முடிஞ்சதும் மருந்து அடிக்க ஆள் வுடப் போறாங்களாம். தடா பக்கத்துலேர்ந்து ஒருத்தன் வரான். மெஷின மாட்டிக்கினு வந்தான்னா ஒரே நாள்ல அத்தினியும் கருக்கிட்டுப் போயிடுவான்."

"அப்ப நாங்க?" என்றாள் அக்கா.

"தண்ணி ஊத்த, குப்பை வார ரெண்டு பேரு போதும்னு சொல்றாங்க. நான் இன்னா பண்ணட்டும்?"

"யாரு நைனா அந்த ரெண்டு பேரு?"

"அத்த அப்பால பாக்கலாம்."

"இன்னா நைனா, கண்ணு என் பக்கமே திரும்ப மாட்டேங்குது. அப்ப எனக்கு டாட்டாதான்."

மற்ற இருவரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அக்கா சண்டை போட்டாவது இருந்துகொள்வாள். மற்ற இருவரும் இளவயது, ஹோஸைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். யார் பெயரைக் கழிப்பது என்று யோசிக்கும்போது, கழித்தால் சத்தம் போடாத ஆள்தான் முதலில் நினைவுக்கு வருவாள். அந்த ஆள் நான்தான். மறுபடியும் ஒரு பேக்கிங் லைனில் போய் நிற்பதை நினைத்துப் பார்த்தேன். போகக் கூடாது என்று அங்கேயே முடிவு செய்துகொண்டேன். எப்படி என்றுதான் தெரியவில்லை.

வழி காட்டியது ஒரு குப்பைக் குவியல். தைல மரத்து இலைகளைக் கூட்டி சைக்கிள் ஸ்டாண்டின் மூலையில் குவித்து வைப்போம். மழையில் அது நனைந்து ஊறி, அடியிலிருந்து டிகாஷன் மாதிரி தண்ணீர் கசிந்து, கல் தளத்தின் சரிவில் ஓடி, சாக்கடையில் விழும். அந்தத் தண்ணீர் ஓடிய தடத்தில் மட்டும் கல் இடுக்கு சுத்தமாக இருந்தது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புல். நடுவில் யாரோ சீவிவிட்டது போல ஒரு கோடு. பல மாதமாக அதன் மேலேயே நடந்திருக்கிறேன். வேலை குறைகிற இடம் என்று சந்தோஷமாகத் தாண்டிப் போயிருக்கிறேன். ஏன் என்று கேட்டுக்கொண்டதில்லை.

அன்று சாயங்காலம் ஒரு சாக்கு இலையைக் கட்டி எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கேட்டில் செக்யூரிட்டி சாக்கை இறக்கச் சொன்னார்.

"இன்னாம்மா இது?"

"எல."

"எலைக்குள்ள?"

"எலதான்."

அவர் கையை விட்டுத் துழாவினார். இரும்பு எதுவும் இல்லை. பின்னால் ஷிப்டு முடிந்த ஆட்கள் வரிசையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் காதெல்லாம் சுட்டது. "குப்பைய எடுத்துக்கினு போறதுக்கு மூஞ்சி ஏம்மா இப்படி ஆவுது, போ போ" என்று விட்டுவிட்டார்.

வீட்டில் அண்டாவில் போட்டுக் காய்ச்சினேன். என் வீட்டுக்காரர் லோடுமேன். வேலை முடிந்து வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். "இன்னாமே, ஊட்டுக்குள்ள பூந்தா தைல டப்பாக்குள்ள பூந்த மாரி கீது? சோத்துலயும் அதே வாசன அடிச்சா நான் ஓட்டலுக்குப் போறேன்." சோற்றிலும் அடித்தது. அவர் ஓட்டலுக்குப் போகவில்லை, முணுமுணுத்துக்கொண்டே சாப்பிட்டார். இனிமேல் வீட்டில் காய்ச்சக் கூடாது என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் அந்தத் தண்ணீரை வடிகட்டி, கையால் அடிக்கிற ஸ்ப்ரேயரில் ஊற்றி, வண்டி நிறுத்தத்தில் வளர்ந்து நின்ற புல் மேல் அடித்தேன். அதற்கு அடுத்த நாள் போய்ப் பார்த்தேன். புல் இன்னும் பளிச்சென்று இருந்தது. தூசு போய்க் குளித்தது போல. அக்கா பக்கத்தில் வந்து குனிந்து மோந்து பார்த்தாள்.

"பாவம், புல்லுக்கு சளி புடிச்சிக்கினு இருந்திச்சா? நல்லா ஆவி புடிக்க வெச்சிட்டே. இப்ப மூக்கு தொறந்து இன்னும் ஜோரா வளரும் பாரு."

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் நான் அந்தப் பக்கம் போனாலே ஒருத்தி தும்முவாள், இன்னொருத்தி இருமுவாள். நான் விடவில்லை. சைக்கிள் ஸ்டாண்டின் பின்னால் கிடந்த பழைய பெயிண்டு டிரம் ஒன்றைத் தேய்த்துக் கழுவி, இலையை அதிலேயே ஊறப் போட்டேன். காய்ச்சாமல் சில நாள் ஊறவிட்டாலே தண்ணீர் கருப்பாக இறங்கியது.

எங்களில் இளையவள் போனில் ஒரு வீடியோ காட்டினாள். ஒருவர் கல்லுப்பைக் கரைத்து அடித்து, களை கருகிக் கிடப்பதைக் காட்டிக்கொண்டிருந்தார். நானும் இலைத் தண்ணீரில் கல்லுப்பைக் கரைத்து அடித்தேன். நல்ல வெயில். இரண்டு நாளில் புல் வைக்கோல் நிறமாகிவிட்டது. தும்மினவர்கள் வாயை மூடினார்கள். எனக்கு நடையே மாறிப்போனது. அடுத்த மழை அந்த உப்பையெல்லாம் வழித்துக்கொண்டு போய் நந்தியாவட்டை வேலியின் அடியில் விட்டது. இலை ஓரம் தீய்ந்து, பிறகு கொட்டத் தொடங்கியது.

சூப்பர்வைசர் என்னை வேலி முன்னால் நிறுத்தினார். "உன்ன அமைதியான ஆளுன்னு நெனச்சேம்மா. அமைதியா இருந்துக்கினே இந்த வேல பாக்கறியா?"

வேலியின் அடிமண்ணை ஒரு சாண் ஆழத்துக்குத் தோண்டி எடுத்துவிட்டுப் புது மண் போட்டேன். தினமும் தண்ணீர் விட்டேன். பாதிச் செடிகள் பிழைத்தன. கடல் தண்ணீர் ஏறின நிலத்தை எங்கள் பக்கத்தில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அப்படி இருந்தும் வீடியோவைப் பார்த்ததும் மறந்துபோனேன். உப்பு போட்டால் புல் வராது, வேறு எதுவும் வராது. அதோடு உப்பை விட்டேன்.

அப்போது குடியரசு தினத்துக்காகச் செண்டுப்பூ விதை போட்டிருந்தோம். கொடி ஏற்றுகிற இடத்தைச் சுற்றிப் பூத்தொட்டி வைக்க வேண்டும். பிளாஸ்டிக் தட்டுகளில் விதைத்து, சைக்கிள் ஸ்டாண்டு நிழலில் வரிசையாக வைத்திருந்தார்கள். எல்லாத் தட்டிலும் முளைத்துவிட்டது. என் டிரம்முக்குப் பக்கத்தில் இருந்த கடைசித் தட்டுகளில் மட்டும் ஒன்றுகூட முளைக்கவில்லை. சூப்பர்வைசர் விதைப் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எல்லாம் ஒரே பாக்கெட்டு. இது மட்டும் ஏன் வரல? தண்ணி காட்டலயா?"

"யாரு காட்டல?" என்றாள் அக்கா. "மத்த தட்டுக்கு ஹோஸ்ல ஒரு தபா காட்னாங்க. இதுக்கு நான் தெனம் சாயங்காலம் என் கையால ஊத்தறேன். எதுக்கும் இல்லாத ராஜமரியாத இதுக்குத்தான்."

"எந்தத் தண்ணி?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. சூப்பர்வைசர் திரும்பிப் பார்த்தார்.

"இதோ இந்த டிரம்ம அலசறனே, அந்தத் தண்ணிதான். அத்தப் போயி சாக்கடைல கொட்டுவாங்களா?"

கொட்ட மாட்டோம். எங்கள் நால்வருக்கும் அது வராது. அரிசி களைந்த தண்ணீரோ, பாத்திரம் அலசிய தண்ணீரோ, கை கழுவிய தண்ணீரோ, பக்கத்தில் எந்தச் செடி இருக்கிறதோ அதன் அடியில்தான் ஊற்றுவோம். நல்லதா கெட்டதா என்று யோசித்துச் செய்வதில்லை. கை தானாகப் போகும். தினமும் ஊறுவதை நான் வாளிகளில் எடுத்து வைப்பேன், டிரம்மின் அடியில் தங்கிய கசடை அக்கா அலசுவாள், அலசியது கடைசித் தட்டுகளுக்குப் போயிருக்கிறது.

தட்டின் மண்ணை நகத்தால் கிளறிப் பார்த்தேன். விதை அப்படியே இருந்தது. அழுகவில்லை, பூச்சி தின்னவில்லை. கொஞ்சம் உப்பிப்போய், முளை விடாமல் சும்மா கிடந்தது.

அக்காவைச் சூப்பர்வைசர் திட்டினார். அக்கா திரும்பத் திட்டினாள். எனக்கு இரண்டும் காதில் ஏறவில்லை. இந்தத் தண்ணீர் வளர்ந்த புல்லை ஒன்றும் செய்வதில்லை. விதையை எழும்பவிடாமல் செய்கிறது. குவியலின் அடியில் நான் பார்த்த கோட்டில் புல் செத்துப்போயிருக்கவில்லை. முளைக்கவே இல்லை. நான் இத்தனை நாளும் புல்லின் தலையில் தெளித்துக்கொண்டிருந்தேன், காலடியில் ஊற்ற வேண்டியதை. முதலில் கையால் பிடுங்கி வெறும் இடுக்காக்க வேண்டும். பிறகு ஊற்ற வேண்டும்.

மத்தியானச் சோற்றின்போது அக்காவிடம் சொன்னேன். அவள் பிசைந்துகொண்டிருந்த கையை நிறுத்தினாள்.

"அப்ப இனிமே புல்லு மொளைக்காதா?"

"கொறையும்க்கா."

"நல்லா கீதுடி உன் நாயம். மெஷின்காரன் நம்ம சோத்துல மண்ணு போட வரான்னு பாத்தா, நீ முந்திக்கினு போடறே. புல்லு இல்லன்னா புல்லு புடுங்கறவ எதுக்கு?"

மற்ற இருவரும் அவளோடு சேர்ந்துகொண்டார்கள். அவர்கள் சொன்னதில் தப்பில்லை. நான் டிபன் பாக்ஸை மூடிவிட்டு எழுந்துபோனேன். மீதி நாள் முழுக்க கல் இடுக்கை நெம்பிக்கொண்டே அதை யோசித்தேன். புல் இல்லாவிட்டால் நாங்கள் எதற்கு? அன்றைக்கு எத்தனை வேலை செய்தேன் என்று எண்ணிப் பார்த்தபோது பதில் கிடைத்தது. வேன் வரும் வரை காத்திருந்தேன். வேனில் அக்காவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அக்கா, அவன் வந்தா அது அவன் வேல. இது வந்தா நம்ம வேல. மொதல்ல புடுங்கணும். கோரைக்கு இந்தத் தண்ணி ஒண்ணும் பண்ணாது, கெழங்க தோண்டி எடுக்கணும். எல பொறுக்கணும், ஊறப் போடணும், வடிக்கணும், சொம்பால இடுக்கு இடுக்கா ஊத்தணும். மழ வந்து கழுவிட்டா மறுபடியும் ஊத்தணும். புல்தரை ஓரத்துல படாம பாத்துக்கணும். இத்தெல்லாம் ரெண்டு பேரு செய்ய முடியாது. நாலு பேரு வேணும்."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இவ்ளோ பேச்ச இத்தினி நாளா எங்கடி வெச்சிக்கினு இருந்தே?"

"சொல்லுக்கா. செய்யலாமா?"

"என் ஆட்டுக்கு?"

"புல்தரைல வெட்டறது எல்லாம் உனக்குத்தான்."

"அது பத்தாது. சைக்கிள் ஸ்டாண்டுல பாதிய வுட்டு வெய்யி. அதுல வர்ற புல்லு என் ஆட்டுக்கு. மீதிப் பாதில உன் கஷாயத்த ஊத்திக்கோ."

அக்கா ஆட்டை நினைத்துச் சொன்னாள். அவள் அப்படிச் சொல்லாவிட்டால் நான் முழுத் தரையிலும் ஊற்றியிருப்பேன். பிறகு யாருக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது.

மார்கழி பிறந்ததும் தொடங்கினோம். சைக்கிள் ஸ்டாண்டுத் தரை முழுவதையும் நான்கு பேரும் நெம்பி எடுத்தோம். காலையில் பனியில் கல் ஈரமாக இருக்கும், அப்போது ஊற்றினால் தண்ணீர் மேலேயே ஓடிவிடுகிறது என்று பார்த்துக் கற்றுக்கொண்டேன். வெயில் ஏறிக் கல் காய்ந்த பிறகு ஊற்றினால் இடுக்கு உறிஞ்சிக்கொள்ளும். அக்காவின் பாதி சீக்கிரமே பச்சை கட்டியது. என் பாதி மண் நிறத்திலேயே இருந்தது. தினமும் வேனிலிருந்து இறங்கியதும் முதலில் அங்கே போய்ப் பார்ப்பேன். அங்கங்கே கோரை கூர் நீட்டிக்கொண்டு வரும். கல்லைப் பெயர்த்துக் கிழங்கை எடுத்துவிட்டுக் கல்லைத் திரும்ப வைப்பேன். வெளிறிய கற்களில் பழுப்புக் கறை படிந்தது. அது எனக்குப் பயமாகத்தான் இருந்தது. நடுவில் ஒரு மழை வந்து கறையைக் கழுவியது, இலைத் தண்ணீரையும் கழுவியது. மறுபடியும் ஊற்றினோம். சூப்பர்வைசர் பார்த்துக்கொண்டே போவார். நல்லது என்றும் சொல்லவில்லை, நிறுத்து என்றும் சொல்லவில்லை.

பொங்கலுக்கு முந்தைய வாரம், ஆபீசுக்குப் புதிதாக வந்திருந்த மேடம் சூப்பர்வைசரோடு சுற்றிப் பார்க்க வந்தார். வெளி வேலையெல்லாம் இனி அவர் பொறுப்பு என்று கேள்விப்பட்டிருந்தோம். வெளியூர்க்காரர். நாங்கள் அக்காவின் பாதியில் குந்தி ஆட்டுக்குப் புல் பிடுங்கிக்கொண்டிருந்தோம். அவர் பக்கத்தில் வந்ததும் அக்கா ஒரு பிடி புல்லைச் சட்டென்று சுருட்டி, ஒரு நீளப் புல்லாலேயே கட்டி, அவர் செருப்புக்கு முன்னால் வைத்தாள்.

வயலில் அப்படிச் செய்வார்கள். களை எடுக்கும்போது வரப்பில் புதிதாக யாராவது வந்தால் ஒரு பிடியைக் கட்டி வழியில் வைப்பார்கள். வந்தவர் ஏதாவது கொடுத்துவிட்டுத்தான் தாண்ட வேண்டும். அது ஒரு விளையாட்டு. கம்பெனிக்குள் அதை வைத்துக்கொள்ளலாமா? சூப்பர்வைசர் முகம் வெளுத்துப்போனது.

மேடம் குனிந்து அந்தக் கட்டைக் கையில் எடுத்தார். பூச்செண்டு என்று நினைத்துவிட்டார். "தேங்க்ஸ்மா" என்றார்.

"தேங்க்ஸு சொன்னா ஆவாது மேடம்," என்றாள் அக்கா. "எடுத்துக்கினா டீ வாங்கித் தரணும். எங்க ஊரு சட்டம்."

"மேடம், அவங்க சும்மா..." என்று சூப்பர்வைசர் நடுவில் வந்தார்.

மேடம் சிரித்துவிட்டார். "சரி, டீ உண்டு. இந்த இடம் ஏன் பாதி புல்லா, பாதி மொட்டையா இருக்கு?"

"அத்த இவளக் கேளுங்க," என்று அக்கா என் முழங்கையில் இடித்தாள். இடித்த இடம் வலித்தது.

நான் எழுந்து நின்றேன். சொல்லத் தொடங்கினால் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. டிரம்மிடம் நடந்துபோய் மூடியைத் திறந்தேன். அவரும் கூட வந்தார். உள்ளே பார்த்து, மோந்து, "தைலமா?" என்றார்.

"தைல எல மேடம். ஊற வெச்ச தண்ணி. புல்லப் புடுங்கிட்டு ஊத்தினா வெத மொளைக்கறதில்ல."

"சுத்தமா முளைக்காதா?"

"கோரை வரும். அத தோண்டணும். மழ வந்தா மறுபடியும் ஊத்தணும்."

"கல்லுல கறை படியுமா?"

படியாது என்று சொல்ல ஆசையாக இருந்தது. "படியும் மேடம். நாளாச்சின்னா மங்கிடும்."

"செடிங்களுக்கு?"

"வளந்த செடிய இதுவரைக்கும் ஒண்ணும் பண்ணல. வெத போட்ட எடத்துல ஊத்தக் கூடாது. ஊத்தினோம். மொளைக்கல."

சூப்பர்வைசர் தொண்டையைக் கனைத்தார். மேடம் பச்சைப் பாதியிலும் மொட்டைப் பாதியிலும் மாறி மாறி நடந்து பார்த்தார். ஒரு இடுக்கை விரலால் கிளறினார். "மருந்துக்கு ஆள் வராங்க, தெரியும்ல? அப்புறம் இது எதுக்கு?"

அந்தக் கேள்விக்கு நான் வேனில் அக்காவிடம் சொன்னதையெல்லாம் சொல்லியிருக்கலாம். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"மருந்து வந்தா நாங்க ரெண்டு பேரு போகணும் மேடம். எனக்குப் போக இஷ்டமில்ல."

மேடம் "பார்க்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கையில் புல் கட்டோடு நடந்தார். சாயங்காலம் கேன்டீனிலிருந்து எங்களுக்கு டீயும் போண்டாவும் வந்தது. அக்கா போண்டாவைக் கடித்துக்கொண்டு சொன்னாள், "வயல்ல கூட போண்டா குடுத்ததில்லடி எவனும்."

பொங்கல் கழித்து வேலைக்குப் போனபோது சூப்பர்வைசர் எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார். டிரான்ஸ்பார்மர் பக்கமும் பின்சுவரை ஒட்டியும் மருந்துதான். அங்கே மாற்றம் இல்லை. முன்பக்கத் தளம், சைக்கிள் ஸ்டாண்டு, கேன்டீன் பக்கம் மூன்றும் எங்கள் கையில். இப்போதைக்கு நாலு பேரும் இருக்கலாம். அடுத்த மழைக்காலத்தில் புல் எப்படி வருகிறது என்று பார்த்துவிட்டு மறுபடியும் முடிவு செய்வார்களாம்.

"எப்டியோ ஒரு வருசம் ஓட்டிட்டே," என்றார் என்னிடம்.

மருந்துக்காரர் அடுத்த நாளே வந்தார். முதுகில் டாங்கி, கையில் நீளக் குழாய், முகத்தில் துணி. தெலுங்கு கலந்த தமிழ். பின்சுவரில் தொடங்கி அடித்துக்கொண்டே வந்தார். கேன்டீன் சுவர் முடிகிற இடத்தில் எங்கள் எல்லை. அங்கே வரும்போது காற்று திரும்பியது. குழாயிலிருந்து கிளம்பிய புகை போன்ற சாரல் எங்கள் பக்கமாகச் சாய்ந்து வந்தது.

இந்தப் பக்கம் நந்தியாவட்டை வேலி இருக்கிறது. புல்தரை ஓரம் இருக்கிறது. அந்தச் சாரல் பட்டு இவை கருகினால், எதனால் கருகியது என்று பிறகு யாருக்கும் தெரியாது. உப்பு போட்டவள் என்று ஏற்கெனவே எனக்குப் பெயர் இருக்கிறது. இலைத் தண்ணீரால் என்று சொல்லிவிடுவார்கள். அதோடு முடிந்துபோகும்.

நான் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன். அவருக்கு முன்னால் போய் நின்றேன்.

"நிறுத்துங்கண்ணா. காத்து இந்தப் பக்கம் அடிக்குது."

அவர் குழாயைத் தாழ்த்தினார். "கொஞ்சம்தான் பாக்கி கீதும்மா. ரெண்டு நிமிசம்."

"காத்து திரும்பட்டும். அப்பறம் அடிங்க."

சூப்பர்வைசர் தூரத்திலிருந்து கத்தினார். "எம்மா, வுடும்மா! அவருக்கு இன்னொரு கம்பெனிக்குப் போவணும். பேஜாரு பண்ணாத!"

நான் நகரவில்லை.

"எவ்ளோ நேரம் நிக்கறது?" என்றார் மருந்துக்காரர். கோபமாகக் கேட்கவில்லை. முதுகில் அவ்வளவு கனத்தோடு நிற்கிற மனிதர்.

"தெரியலண்ணா. டாங்கிய எறக்கி வெச்சிட்டு உக்காருங்க. நான் போயி தண்ணி எடுத்துக்கினு வரேன்."

அவர் என்னைப் பார்த்தார், பிறகு தைல மரங்களின் உச்சி எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தார். தோள்பட்டை வாரைக் கழற்றி டாங்கியைத் தரையில் இறக்கினார். அக்காவிடம் தண்ணீர் கொண்டுவரச் சொல்லிக் கை காட்டிவிட்டு, காற்று திரும்பும் வரை நான் அங்கேயே நின்றேன்.